தூக்கிய வால்

அணில் குளத்தங்கரை வட்டத்தின் உறுப்பினராக ஜெயித்து இரண்டு வருஷமாகிறது. மன்றக் கூட்டத்தில் தலைவர் எருமை தீர்மானங்களின் எண்ணை மட்டும்தான் படிக்கும். சம்மதம் என்றால் வாலைத் தூக்க வேண்டும். அன்றைக்கு வறுத்த வேர்க்கடலை வந்துவிட்டதால், "ஒன்று முதல் நாற்பது வரை" என்று எருமை ஒரே மூச்சில் முடித்தது. முதலில் எழுந்தது அணிலின் வால்தான்.

மறுநாள் காலையில் பன்றிகள் குளத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"யாரைக் கேட்டு மூடுறீங்க?" என்று அணில் கத்திக்கொண்டே ஓடியது.

ஒரு பன்றி பவ்யமாகத் தாளை நீட்டி, மெல்லிய குரலில் சொன்னது: "பதினேழாவது தீர்மானம், சார். நீங்களும் வால் தூக்கியதா எழுதியிருக்கே."

அணில் தாளைப் படித்தது. கடைசி வரி வரைக்கும் படித்தது. அப்படிப் படித்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு, குஞ்சுகளை முதுகில் சுமந்தபடி தவளை வந்தது.

"விடுங்கண்ணே, ஏன் தொண்டை கிழியக் கத்துறீங்க? அத்தனை பேர் வாலைத் தூக்கினா நீங்க ஒருத்தர் என்ன பண்ணுவீங்க? எங்களுக்காக நேத்து எவ்வளவு போராடியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அணில் வாலை இழுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.