கழுத்தோரம் ஒன்பது கல்

தையல்காரர் பிளேடால் அந்த நீல உடுப்பின் கழுத்தோரக் கற்களை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கை ஓடவில்லை.

உடுப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பனித்தரையில் சறுக்கி ஆடும் ஸ்கேட்டிங் போட்டிக்கு இன்று மாலை இறுதிச் சுற்று. அதில் ஆடப்போகிற நெட்டைப் பெண்ணுடையது. ஜிப் பல்லிளித்துவிட்டது என்று அவளுடைய பயிற்சியாளர் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜிப் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. கற்களில் கை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

புருஷனின் ஸ்கேட்டிங் பைத்தியம் தெருவுக்கே தெரியும். ஒரு நாள்கூடப் பனித்தரையில் கால் வைத்ததில்லை. ஆனால் யார் எந்தக் காலை ஊன்றிக் குதித்தார்கள், காற்றில் எத்தனை சுற்று, இறங்கும்போது கால்வாசிச் சுற்று பாக்கியா, எல்லாம் அத்துப்படி. அளவு கொடுக்க வந்தவரைக் கையைத் தூக்கியபடியே நிற்கவைத்துவிட்டு மறு ஒளிபரப்பு பார்த்த மனுஷன். சொந்த மைத்துனன் மாடிப்படியில் உருண்டு வந்தபோது இவர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் காலில் இறங்கினான் என்பது.

கடைச் சுவரில் ஒரே ஒரு படம். சிட்டு. அது அவர் வைத்த பேர். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும்போதிலிருந்து அவள் ஆடிய ஒரு போட்டியைக்கூட விட்டதில்லை. போன வருஷம் அவள் விழுந்த அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று முதலில் வருகிறவள்தான் உலகப் போட்டிக்குப் போவாள். ஒரே ஓர் இடம். சிட்டுவுக்கும் நெட்டைக்கும்தான் போட்டி.

"ஏங்க, அதை ஏன் பிடுங்குறீங்க? ஜிப்பு மட்டும்தானே சொன்னாங்க?"

"உனக்குத் தெரியாது. காஜாவைப் பாரு."

"மேடைக்குப் போற பொண்ணு மொட்டைக் கழுத்தோட நிக்கணுமா?"

"ஆட்டத்துக்குத்தான் மார்க்கு."

கேட்டதற்குக் காரணம் சொல்லிப் பழக்கமில்லாதவர். கற்களைப் பொத்தான் டப்பாவில் கொட்டினார். உடுப்பைப் பைக்குள் போட்டார். ஆள் வந்தால் கொடுத்தனுப்பு என்றுவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி சாப்பிடப் போனார்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். முன்கோபி, முசுடு, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரான் பெண் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர் என்று நினைத்ததில்லை.

ஊசியில் இரட்டை நூல் கோத்தாள். ஆள் வருவதற்குள் முன்பக்கம் ஒன்பது கல்லைத் தைக்க முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு. கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள். அவரிடம் சொல்லவில்லை.

மாலை டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சிட்டு நன்றாகத்தான் ஆடினாள். ஒரு குதிப்பில் மட்டும் தடுமாறிக் கையை ஊன்றிவிட்டாள். தையல்காரர் உதட்டைக் கடித்தார்.

அடுத்து நெட்டைப் பெண். கேமரா முகத்துக்கு நெருங்கியது. கழுத்தில் ஒன்பது கல்லும் பளபளத்தன.

தையல்காரர் திரும்பினார். "யார் வச்சது?"

"நான்தான். உங்க சிட்டு ஜெயிக்கணும்னு அடுத்தவ உடுப்பைக் கெடுப்பீங்களா? எனக்கு மனசு கேக்கலை."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. திரையிலேயே கண்ணை வைத்திருந்தார்.

அந்தப் பெண் பிரமாதமாக ஆடினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசிக் குதிப்பில் இறங்கும்போது மட்டும் கழுத்தோரம் ஏதோ மின்னித் தெறித்தது. வெள்ளைத் தரையில் உருண்டு போய் நின்றது.

"போச்சு," என்றார் தையல்காரர்.

"என்ன போச்சு?"

"அந்தக் கழுத்து நெட் துணி நைஞ்சு கிடந்துச்சு. எத்தனை முடிச்சுப் போட்டாலும் துணியோட பிஞ்சு வரும். உடுப்புலேர்ந்து எது உதிர்ந்து ஐஸ்ல விழுந்தாலும் ஒரு புள்ளி கழிப்பாங்க."

மதிப்பெண் வந்தது. ஒரு புள்ளி கழித்திருந்தார்கள். அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் சிட்டு முதலிடம்.

திரையில் சிட்டு சந்தோஷத்தில் அழுதாள். எட்டு வருஷமாக அவர் காத்திருந்த காட்சி. எழுந்து போய் டிவியை அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. பயிற்சியாளர். அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. துணி நைந்திருக்கிறது, எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டேன் என்று மத்தியானம் நீங்கள்தானே ஃபோனில் சொன்னீர்கள்? ஒன்பது கல் இருந்ததைப் பார்த்து, உறுதியானதை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று நம்பினேனே. உங்கள் கடைச் சுவரில் யார் படம் தொங்குகிறது என்று நானும் பார்த்தேன். அவளுக்காகத்தானே இதைச் செய்தீர்கள்?

மனைவி ஃபோனை வாங்கக் கையை நீட்டினாள்.

அவர் அதை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வேற யாரும் தொடலைங்க. நான்தான் தைச்சேன்."