ஒரு வருஷப் பத்திரம்

"ஏன்டி, கண்ணு இப்படி வீங்கியிருக்கு?" இங்கிலாந்தின் யார்க் நகர நீதிமன்ற வாசலில் பக்கத்து வீட்டு ஆக்னஸ் கேட்டாள்.

"மாடு உதைச்சிருச்சுக்கா." மார்ஜரி முக்காட்டைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மாடா, உன் புருஷனா? ஒரு வருஷத்துக்கு உன்மேல கை வைக்கமாட்டேன்னு ராஜா பேர்ல பத்திரம் எழுதிக் குடுத்தவன்தானே? மீறினா நாற்பது பவுன் பறிமுதல். இன்னிக்குத்தான் கடைசி நாள். உள்ளே போய் உண்மையைச் சொல்லு, தெருவுல நிக்கட்டும்!"

நீதிபதி கேட்டபோதும் அவள் மாட்டையே சொன்னாள். கணவன் ஹம்ஃப்ரி சிரித்தான்.

அவனுக்கு ஜாமீனாகத் தன் வீட்டை எழுதிக் கொடுத்திருந்த மார்ஜரியின் அப்பா பூரிப்போடு எழுந்தார்.

"பத்திரம் போட்டதிலேர்ந்து மாப்பிள்ளை தங்கமா மாறிட்டாருங்கய்யா. இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிடுங்க, நானே ஜாமீன் நிக்கிறேன்!"