சாப்பிட்டியா?

லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாகவும், முதலில் வரி கட்டச் சொல்லியும் அம்மாவுக்கு வந்த மெயிலை ஜெமிமா போனில் படித்தாள்.

“இது ஏமாத்து வேலைம்மா. வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும்?”

“தெரியும்,” என்றாள் பாக்கியவதி.

“பணம் அனுப்பிட்டீகளா?”

“இல்ல. பதில் மட்டும் போட்டேன்.”

“இதுக்கெல்லாம் பதிலே போடக் கூடாதும்மா.”

ஜெமிமா பதறிப்போய் அந்தப் பதிலைத் திறந்தாள். ‘சாப்பிட்டியாலே?’ என்று மட்டும் இருந்தது.

மெயில் வந்த முகவரியை அப்போதுதான் கவனித்தாள். போன வருஷம் நாரணாபுரம் பட்டாசு விபத்தில் இறந்துபோன தம்பி ஜெப்ரினுடையது. அதை எவனோ திருடியிருக்கிறான்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அதே முகவரியிலிருந்து மறுபடி மெயில்.

‘சாப்பிட்டேன். சீக்கிரம் பணம் கட்டவும்.’

அம்மா போனை வாங்கி, அந்த முதல் வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.