அரசியின் பிள்ளைகள்

பாரிஸ் லா சப்பலில் ஒரு பழைய தேவாலயத்தைத் துடைக்கிற வேலை சுஜாந்திக்கு. அங்கே பழங்காலத்து அரசி ஒருத்தி கல்லாகப் படுத்திருந்தாள். அவள் பெற்ற ஐந்து பிள்ளைகளும் பால்குடி மறக்குமுன்பே செத்துப்போனவை. அவையும் அவள் காலடியில் கல்லாகக் கிடந்தன.

ஒருநாள் சுஜாந்தி தன் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிவந்தாள். நாவூறு படாமலிருக்க மகளின் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டு அழிந்திருந்தது. மைச்சிமிழைத் திறந்து மறுபடி வைத்தவள், பாவமென்று அந்தக் கல் கன்னங்களிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டாள்.

"உங்கடை பிள்ளையளும் என்ரை பிள்ளையும் ஒண்டுதானம்மா," என்று அரசியிடம் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டுப் பூரணியக்காவிடம் விட்டுவிட்டுத் தனியே வந்தாள். துணியோடு குனிந்தவள் எண்ணிப் பார்த்தாள்.

ஆறு பிள்ளைகள் கிடந்தன. ஆறு கன்னத்திலும் பொட்டு. ஆறாவதன் கழுத்தில், பிறந்த முப்பத்தோராம் நாள் மகளுக்குக் காவலாகப் போட்ட பஞ்சாயுதச் சங்கிலி, கல்லாலேயே.

போன் அடித்தது. பூரணியக்கா.

"சுஜாந்தி, இப்பத்தான் படுக்கவிட்டனான், பிள்ளையைக் காணேல்லையடி!"

சுஜாந்தியின் விரல் ஆறாவதன் கல் கன்னத்தில் இருந்தது. கன்னம் இன்னும் சூடாக இருந்தது.