மூன்று கால் மான்

ஒரு கணினிக்குள் ஒரு மான் மூன்று கால்களோடு நின்றுகொண்டிருந்தது. ஓவியம் பழகத் தொடங்கியிருந்த நறுமுகை, பழைய வரைகலைச் செயலி ஒன்றில் அதை வரைந்திருந்தாள். நான்காவது காலின் வளைவு மட்டும் அவளுக்கு வரவேயில்லை. வரைவாள், உடனே அழிப்பாள்.

"அண்ணே, என் கால் எப்போது வரும்?" என்று மான் அந்தச் செயலியின் தூரிகையைக் கேட்டது.

"என்னைக் கேட்காதே. தூரிகை பழசு, அதனால்தான் கோணுகிறது என்கிறாள். புதிய பதிப்புக்கு மாறலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து வீடியோவாகப் பார்க்கிறாள்."

"புதியது வந்தால் கால் வந்துவிடுமா?"

"வளைவு அவள் கையில் அல்லவா வர வேண்டும்? மற்ற மூன்று காலையும் போட்டது யார்? அப்போது மட்டும் நான் புதுசா?"

"உங்களுக்கு வேலை போய்விடுமே என்ற கவலை, அண்ணே" என்றது மான்.

மறுநாள் நறுமுகை பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவினாள். தூரிகை இருந்த இடம் காலியாயிற்று. மான் ஆசையோடு காத்திருந்தது. ஆனால், இவ்வளவு பழைய கோப்பைத் திறக்க முடியாது என்று புதிய செயலி சொல்லிவிட்டது. நறுமுகை சற்று நேரம் யோசித்தாள். பிறகு ஒரு வெள்ளைப் பக்கத்தை எடுத்து, கால் தெரியாமல் சுருண்டு படுத்திருக்கும் பூனை ஒன்றை வரையத் தொடங்கினாள்.

திறக்காத கோப்புக்குள் மானுக்குக் கால் வலித்தது. படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தது. படுத்த மானாக அதை யாரும் வரைந்திருக்கவில்லை.