வாட்டில் தெரு ஜன்னல்கள்

"சந்தேகமே வேண்டாம். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுறானே, அவன்தான் உடைக்கிறான்" என்றாள் நோலீன்.

கத்தரிக்கோலுக்குக் கீழே காலினின் தலை இருந்தது. தன் இறைச்சிக் கடையை மூடிய பிறகு, முடி வெட்டிக்கொள்ள அவனுக்கு நேரம் நிறையவே இருந்தது.

"ஸ்லாட்கோவா? நல்ல மனுஷனாச்சே."

"ரொம்ப நல்ல மனுஷன்! சுரங்கத்துல ஆளைக் குறைச்சாங்க, வீடெல்லாம் காலியாகி பேங்க் கைக்குப் போச்சு. செருப்புக் கடை போச்சு, உன் கடை போச்சு. இன்னும் வேனை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போறவன் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். காலி வீட்டு ஜன்னல் உடைஞ்சா பேங்க் யாரைக் கூப்பிடுது? அவனைத்தானே? போன வாரம் வாட்டில் தெருவுல, பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசல்லேருந்து வெளிய வர்றான். என் கண்ணால பார்த்தேன்."

"காதைப் பார்த்து வெட்டும்மா. கடைதான் போச்சு, காதாவது இருக்கட்டும்."

நோலீன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ப்ரிஸ்பேனிலிருந்து மருந்துக்கடை நடத்தும் தம்பதி வருகிறார்கள். அவள் சலூனுக்குப் பக்கத்துக் கடையை அவர்கள் பார்க்க வேண்டும். குடியிருக்க வாட்டில் தெருவில் ஒரு வீட்டையும் பார்க்க வேண்டும். வீடு பிடித்தால்தான் கடை. அந்தக் கடைக்கு ஆள் வராவிட்டால் அந்தக் கடை வரிசை முழுவதையும் மூடிவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"உடைஞ்ச ஜன்னலைப் பார்த்தா அவங்க காரைவிட்டே இறங்க மாட்டாங்க, காலின். அவனைக் கையும் களவுமா பிடிக்காம நான் விடப்போறதில்லை."

புதன்கிழமை சாயங்காலம் வாட்டில் தெருவில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மரங்களில் காக்கட்டூ கிளிகள் கத்தி ஓயும் நேரத்தில் ஸ்லாட்கோவின் வேன் வந்தது.

அவன் ஒரு காலி வீட்டின் பின்பக்கம் போனான். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து தெரு ஓரத்தில் நிறுத்தினான். பிறகு அடுத்த வீடு. அதற்கும் அடுத்தது.

உடைத்த கண்ணாடியை அடுத்தவர் தொட்டியில் ஒளிக்கிறானா? நோலீன் இறங்கி ஓடினாள். ஒரு மூடியைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. அடுத்ததும் காலி.

"யோவ்! என்னய்யா பண்றே இங்கே?"

ஸ்லாட்கோ திடுக்கிட்டுத் திரும்பினான். "மெதுவா பேசு, நோலீன். ஊரைக் கூட்டாதே."

"கூட்டத்தான் போறேன்."

"கூட்டறதுக்கு ஊர்ல யாரு இருக்கா?"

"பேச்சை மாத்தாதே. காலித் தொட்டியை எதுக்கு வெளிய இழுத்து வைக்கிறே?"

"காலையில குப்பை வண்டி வருதில்ல? தொட்டி வெளிய வராத வீட்டுல ஆள் இல்லைன்னு தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும். கல்லு அங்கேதான் விழும். ஜன்னல் போச்சுன்னா உள்ளே புகுந்து செப்புக் குழாயைப் பிடுங்கிட்டுப் போவாங்க. குழாய் போன வீட்டை எவன் வாங்குவான்? வீட்டுக்கு ஆள் வரலேன்னா நீ யாருக்கு முடி வெட்டுவே?"

"நாளைக்கு இதையெல்லாம் என்ன பண்ணுவே?"

"வண்டி போனதும் உள்ளே தள்ளிடுவேன். வெளியவே கிடந்தாலும் ஆள் இல்லைன்னு காட்டிக் கொடுத்துடும்."

நோலீன் விடவில்லை. "அப்போ ஜன்னலை உடைச்சது நீ இல்லையா?"

"நானா!" அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "இந்த மாசம் இந்தத் தெருவுல எங்கே உடைஞ்சிருக்கு? காட்டு, பார்க்கலாம்."

அவள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் அந்தி வெயில் முழுசாக நின்றது.

"அப்போ... உனக்கு வேலை?"

"இல்லை. வெள்ளிக்கிழமையோட கடையை மூடுறேன்."

நோலீன் திரும்பிப் போய், தான் திறந்து போட்டிருந்த தொட்டியை மூடினாள்.

"மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கே? கடைதான் மூடுது. அடுத்த புதன்கிழமையும் வருவேன்" என்றான் ஸ்லாட்கோ. "அந்தப் பக்கத்தைப் பிடி. இந்தத் தொட்டிக்கு ஒரு சக்கரம் இல்லை."