வடையின் கலோரி

ஓர் ஓட்டலில் பலகாரப் பலகையில் விலைக்குப் பக்கத்தில் கலோரியையும் எழுதி வைத்தார்கள். இரண்டு இட்லிக்கு நூற்றிருபது; ஒரே ஒரு வடைக்கு நூற்றைம்பது. அன்றிலிருந்து வடையைச் சீந்துவார் இல்லை. இப்படியே போனால் வடையை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொன்னதும் அதன் காதில் விழுந்தது.

பலகையைப் படித்துவிட்டு இட்லி கேட்டவர்கள், அதன்மேல் மூன்று கரண்டி நெய் ஊற்றச் சொன்னார்கள். வடைக்குப் பொறுக்கவில்லை.

"நெய்யண்ணே, உங்க கலோரி எவ்வளவு? பலகையில காணோமே?"

கிண்ணத்திலிருந்து நெய் சிரித்தது. "என்னை யாரு தம்பி ஆர்டர் பண்றாங்க? இட்லியோட சும்மா வர்றவன் நான். என்னை எதுக்கு எழுதணும்?"

மறுநாள் முதலாளி வடையின் வரியை அழித்துவிட்டார். ஊறப்போட்ட உளுந்து வீணாக வேண்டாமென்று மாஸ்டர் கடைசியாக ஓர் ஈடு மட்டும் போட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வடை தன் முடிவுக்காகக் காத்திருந்தது.

தினமும் இட்லி மட்டும் சாப்பிடுகிற ஒருவர் வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"மாஸ்டர், வடைக்குக் கலோரி எதுவும் போடலையே?"

"இல்லீங்க."

"அப்ப சாம்பார்ல ரெண்டு போடுங்க."